சொந்தமாகக் கட்டிய விமானம்: முதல் டேக்-ஆஃபுக்கு முன் செய்ய வேண்டியவை

தரையில் மணிக்கணக்கில் சீராக ஓடிய எஞ்சின், மூக்கைத் தூக்கி ஏறத் தொடங்கியதும் பெட்ரோல் போதாமல் திணறும். முதல் பறப்பில் நாம் பெரிதும் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். ஆகவே, வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் முதல் படியைத் தள்ளிப்போடாதீர்கள்.

1. எரிபொருள் ஓட்டத்தை அளத்தல்

ஏறும்போது மூக்கு எவ்வளவு உயருமோ, அதைவிட 5 டிகிரி கூடுதலாக உயர்த்தி நிறுத்துங்கள். டாங்கில் கொஞ்சம் எரிபொருள் போதும். கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி, அதே உயரத்தில் பிடித்து, உலோக அளவுக் குவளையில் 1 நிமிடம் விடுங்கள். குவளையையும் விமானத்தையும் கம்பியால் இணைத்து எர்த் கொடுப்பது கட்டாயம்.

முழு விசையில் எஞ்சினுக்கு மணிக்கு 40 லிட்டர் தேவை என்று வைத்துக்கொள்வோம். பம்ப் இல்லாமல் எரிபொருள் தானாக இறங்கும் அமைப்பில் அதன் 150 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 1 லிட்டர் வர வேண்டும். பம்ப் இருந்தால் 125 சதவீதம், சுமார் 830 மில்லி. ஒவ்வொரு டாங்கையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

நன்றாக விழுந்த தாரை போகப்போக மெலிகிறதா? டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே பழையபடி விழுந்தால், காற்றுத்துளை அடைத்திருக்கிறது.

பிறகு ஃபில்டரைத் திறங்கள். புது டாங்கிலிருந்து சீலன்ட் துணுக்கும் அலுமினியத் துருவலும் வரத்தான் செய்யும். ஒன்றுமே வராத வரை கழுவி, மறுபடி ஓடவிடுங்கள்.

2. ஸ்டிக் சோதனை

கட்டைவிரல் மேல்நோக்கி இருக்க, ஸ்டிக்கை (விமானத்தைச் சாய்க்கும் கட்டுப்பாட்டுக் கோல்) பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். விரல் காட்டும் பக்கத்து ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே எழ வேண்டும். கேபிள் மாற்றி மாட்டியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

3. எடை

பைலட் மட்டும் ஏறட்டும். எடை மையம் (விமானத்தின் மொத்த எடையும் சமநிலை பெறும் புள்ளி) அதற்கு அனுமதித்த வரம்பின் முன்பாதியில் இருக்கட்டும்; பின்னால் போனால் மூக்கு கட்டுக்கு அடங்காது.

4. வேக டாக்ஸி

பறக்காமல் ரன்வேயில் வேகமாக ஓட்டிப் பார்ப்பது தேவைக்கு மேல் வேண்டாம். ஆள் ஒருவரே இருப்பதால் எடை குறைவு, எதிர்பாராமல் எழும்பிவிடும். பதறி த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) மூடினால் தொப்பென்று விழும்.

5. முன்முடிவு

ரன்வேயின் பாதியில் ஒரு கொடி நடுங்கள். அங்கே, எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். எழும்பும் வேகம் 50 நாட் (விமான வேகத்தின் அலகு) என்றால், கொடியருகே 35 நாட்.

ஏறும்போது எஞ்சின் நின்றால் முதலில் மூக்கைத் தாழ்த்துங்கள். பிறகு நேர் எதிரே இறங்குங்கள். ரன்வேக்குத் திரும்ப ஆசைப்படவே கூடாது. 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்கும் திறனை இழக்கும் வேகம்) சுமார் 19 சதவீதம் கூடும். தாழ்வான உயரத்தில் ஸ்டால் ஆனால் மீள இடமிருக்காது.

த்ராட்டிலைத் தள்ளுமுன் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “கொடியில் 35 இல்லையென்றால் நிறுத்துவேன். எஞ்சின் நின்றுபோனால் நேரே இறங்குவேன்.”