எல்லையோரப் பார்க்கிங்கில் கேட்பாரற்று நிற்கும் வண்டியை அகற்றும் முறை

தமிழ்நாடு–கேரள எல்லையில் வாளையாறு, வேலந்தாவளம், புளியரை, களியக்காவிளை பக்கம் பார்க்கிங் இடம் நடத்துபவர்களுக்கு இரண்டு வகை வண்டிகளால் தலைவலி. சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே விட்டுவிட்டு, பஸ் ஏறி எல்லை தாண்டி வேலைக்குப் போனவரின் வண்டி ஒரு வகை. அவர் சாயங்காலம் வந்து எடுத்துவிடுவார். மாதக்கணக்கில் யாரும் வராமல், டயர் இறங்கி, சீட்டுக்கடியில் எலி குடியேறிய வண்டி மற்றொரு வகை. முதலாவதற்கு ஒரு ஃபோன் போதும். இரண்டாவதற்குக் காகிதம் வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்து, கோபத்தில் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுகிற இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இடம் உங்களுடையது என்பதால் அதில் நிற்கும் வண்டி உங்களுடையதாகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 127-ஆம் பிரிவைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ வழிசெய்யும் பிரிவு அது. ஆனால் அது பேசுவது பொது இடத்தைப் பற்றி. உத்தரவிடும் அதிகாரமும் சீருடையில் உள்ள காவல் அதிகாரிக்கே. கேட் போட்டு, அனுமதி பெற்றவர்கள் மட்டும் நுழையும் வளாகத்தின் உரிமையாளர் இதைக் காட்டிச் சக்கரத்தில் பூட்டுப் போட முடியாது. போட்டால், வண்டிக்காரர் உங்கள் மேலேயே புகார் கொடுக்க வழி கிடைத்துவிடும். காற்றைப் பிடுங்குவது, கண்ணாடியில் பெயின்ட் அடிப்பது எல்லாம் குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவில், சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றமாக வந்து நிற்கும். காற்று இல்லாத வண்டியை நகர்த்துவது இரண்டு மடங்கு வேலை என்பதையும் மறக்க வேண்டாம்.

அன்றாட அத்துமீறலுக்கு முதல் தேவை போர்டு. நுழைவாயிலில், காரில் உட்கார்ந்தபடியே படிக்கும் உயரத்தில், தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். செங்கோட்டை, கம்பம் வழிகளில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குப் போகும் ஆந்திர வண்டிகளும் வரும் என்பதால் தெலுங்கிலும் ஒரு வரி சேர்ப்பது நல்லது. யாருக்கு இடம், எத்தனை மணி வரை, தொடர்பு எண், மீறினால் காவல்துறைக்குத் தகவல் தரப்படும் என்ற நான்கு விஷயம் இருந்தால் போதும். டோக்கன் கொடுக்கும் இடமென்றால், எத்தனை நாள் வரை நிறுத்தலாம் என்பதை டோக்கனிலேயே அச்சடித்து, வாங்குபவரின் ஃபோன் எண்ணை அடிக்கட்டையில் எழுதி வாங்குங்கள். பின்னால் வரும் பாதிச் சிக்கல் இந்த ஒரு எண்ணால் தீரும்.

வழியை மறித்து நிற்கும் வண்டிக்கு 112-ஐ அழையுங்கள். வாகனப் பதிவில் உள்ள உரிமையாளர் விவரத்தைக் காவல்துறையால் பார்க்க முடியும், நம்மால் முடியாது. வாகன விவரம் பார்க்கும் அரசுச் செயலியான எம்பரிவாகனில் நம்பரைப் போட்டால் உரிமையாளர் பெயர் மறைத்தே வரும். பதில் நடவடிக்கையாக அந்த வண்டிக்குக் குறுக்கே உங்கள் வண்டியை நிறுத்தாதீர்கள்.

இனி நீண்ட நாள் வண்டி. கைவைக்கும் முன் பதிவு செய்யுங்கள். நான்கு பக்கமும், நம்பர் பிளேட்டும், ஓடோமீட்டரும் தெரியும்படி தேதியுடன் படம் எடுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல், நசுங்கல்களைத் தனியாக எடுங்கள். டயரும் தரையும் சேரும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு அதையும் படமெடுத்தால், வண்டி நகரவே இல்லை என்பதற்கு அது சாட்சி. கேட் ரிஜிஸ்டரில் முதன்முதலில் பார்த்த தேதியை எழுதுங்கள். கேமரா பதிவு சில வாரங்களில் தானாக அழியும்படி வைத்திருப்பார்கள். வண்டி நுழைந்த நாளின் காட்சியை உடனே தனியாகச் சேமித்துவிடுங்கள்.

கதவைத் திறக்கவே கூடாது. எல்லை வழியாக ரேஷன் அரிசி முதல் கஞ்சா வரை கடத்தல் நடக்கிற பகுதி இது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தவரின் கைரேகையும் வண்டியில் இருக்கும், கேள்வியும் அவரிடம் வரும். கண்ணாடி வழியாக மூட்டையோ சந்தேகப்படும்படி எதுவுமோ தெரிந்தால் மற்ற எல்லாப் படிகளையும் விட்டுவிட்டு நேராகக் காவல் நிலையம்.

நம்பர் பிளேட்டை உற்றுப் பாருங்கள். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிக்கு உயர் பாதுகாப்புப் பிளேட் கட்டாயம். அதில் அசோகச் சக்கர ஹாலோகிராமும் லேசரில் பொறித்த எண்ணும் இருக்கும். கழற்ற முடியாத ரிவெட்டால் பொருத்தியிருப்பார்கள். புது வண்டியில் சாதா போல்ட்டு போட்ட பிளேட் இருந்தால் சந்தேகப்படுங்கள். செயலியில் வரும் மாடல், எரிபொருள் இரண்டும் எதிரில் நிற்கும் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். பைக்கின் சேசிஸ் எண் பெரும்பாலும் ஹேண்டில் பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும். எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். காரில் அதைத் தேடி பானெட்டைத் திறக்க வேண்டாம், போலீஸார் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்தது நோட்டீஸ். கண்ணாடியில் துடைப்பானுக்கு அடியில் வையுங்கள், பசை போட்டு ஒட்ட வேண்டாம். வண்டி எண், முதலில் பார்த்த தேதி, எடுக்க வேண்டிய கடைசித் தேதி, தொடர்பு எண், கையொப்பம் இருக்கட்டும். 15 நாள் அவகாசம் நியாயமானது. கே.எல். 09 பாலக்காடு, கே.எல். 19 பாறசாலை என்று பதிவு எண் கேரளத்தைக் காட்டினால் மலையாளப் பிரதியும் சேருங்கள். நோட்டீஸ் வைத்த நிலையிலும் படம் எடுங்கள்.

பழைய உரிமையாளர் கிடைத்தால், “அதை நான் வித்து ரெண்டு வருஷம் ஆச்சு” என்ற பதில் அடிக்கடி வரும். மாநிலம் தாண்டி விற்கும்போது தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், வரி கட்ட வேண்டும் என்பதால் பெயர் மாற்றாமலே கைமாறும் வண்டிகள் எல்லைப் பகுதியில் அதிகம். அவரிடம் சண்டை போடாமல் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள்: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீடுகூட அவர் தலையில் விழும் என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் வாங்கியவரைத் தாங்களே தேடிப்பிடிப்பார்கள். வண்டி ஃபைனான்ஸில் இருப்பது தெரிந்தால் அந்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். தவணை கட்டாமல் ஒளித்து வைக்கப்பட்ட வண்டியாக இருந்தால் அவர்கள்தான் முதலில் வருவார்கள். ஆனால் வருபவர் காட்டும் அங்கீகாரக் கடிதம், காவல் நிலையத்தில் தகவல் சொன்னதற்கான நகல் இரண்டையும் வாங்காமல் கேட்டைத் திறக்காதீர்கள்.

அவகாசம் முடிந்ததும் காவல் நிலையத்தில் மனு. வண்டி கேரளப் பதிவு என்பதற்காகப் பாலக்காட்டுக்கோ பாறசாலைக்கோ அலைய வேண்டாம். வண்டி எங்கே நிற்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட நிலையம்தான் மனுவை வாங்க வேண்டும். வாளையாறு போன்ற இடத்தில் சர்வே எண் தமிழ்நாட்டுப் பக்கமா கேரளப் பக்கமா என்ற கேள்வி வரலாம் என்பதால் வரி ரசீதைக் கையோடு கொண்டுபோங்கள். படங்கள், நோட்டீஸ் நகல், ரிஜிஸ்டர் பக்கத்தின் நகல் இணைத்துக் கொடுத்து, தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பதிவு செய்ததற்கான ரசீது) கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக “பார்த்துக்கிறோம்” என்பதோடு திரும்பினால் பின்னால் உங்கள் கையில் எதுவும் இருக்காது. மனுவில், வண்டி திருட்டு வழக்கில் தேடப்படுகிறதா என்று சரிபார்க்கவும், உரிமையாளருக்குத் தகவல் அனுப்பவும், வண்டியைக் கைப்பற்றவும் கோருங்கள்.

திருட்டு வண்டி என்ற சந்தேகம் இருந்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் போலீஸார் கைப்பற்றலாம். பிறகு 503-ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோர 6 மாத அவகாசம் உண்டு. யாரும் வராவிட்டால் ஏலம் வரை போகும். ஏலத்தொகை இடத்துக்காரருக்கு வராது. பாக்கி வாடகைக்காக வண்டியைப் பிடித்து வைத்து விற்கும் உரிமையும் கிடையாது. ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு தரும் பிடிப்புரிமை, பொருளின் மேல் உழைப்பும் திறமையும் செலுத்தியவருக்கானது. மெக்கானிக்குக்குப் பொருந்தும், நிறுத்த இடம் கொடுத்தவருக்குப் பொருந்தாது.

காத்திருக்கும் நாட்களில் வண்டியை வளாகத்துக்குள்ளேயே ஓரத்துக்கு நகர்த்த வேண்டியிருக்கும். மனுவில் அதைக் குறிப்பிட்டுவிட்டு, இரண்டு சாட்சிகள் முன்னால், வீடியோ எடுத்தபடி செய்யுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் பூட்டிய காரைக் கயிறு கட்டி இழுத்தால் டயர் தேயும், கியர்பாக்ஸ் போகும். ஆட்டோமேட்டிக் காரும் மின்சாரக் காரும் இன்னும் மோசம். சரியான வழி நான்கு சக்கரத்துக்கும் அடியில் உருளைத் தள்ளுவண்டி (வீல் டாலி) வைப்பது. ஒவ்வொரு மூலையாக ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை அதில் இறக்கினால் நான்கு பேர் பக்கவாட்டிலும் தள்ளலாம். ஜாக்கியைக் கதவுக்கு அடியில் உள்ள தடித்த விளிம்பில் மட்டும் கொடுங்கள், தளத் தகட்டில் கொடுத்தால் நசுங்கும். சரிவான தரையில் இதைச் செய்யவே கூடாது. மழைக்காலம் முழுக்க நின்ற காரில் பின் பிரேக் துருப்பிடித்து ஒட்டியிருக்கும், ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாலும் உருளாது. தூக்கும் முன் அடியில் எண்ணெய், பெட்ரோல் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். சக்கர வளைவுக்குள் கை விடும் முன் கம்பால் தட்டுங்கள், மலையோர ஊர்களில் பாம்பு அங்கேதான் சுருண்டிருக்கும்.

போலீஸார் எடுத்துச் செல்லும் நாளில் ரெக்கவரி வண்டி, காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட்டாக இருக்கட்டும். கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜரில் வண்டியின் நிலை, எண்கள், நேரம் சரியாக உள்ளதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு, ஒரு நகல் வாங்கி சி.எஸ்.ஆர். ரசீதோடு வையுங்கள். காயலான் கடைக்காரர் எத்தனை ரூபாய் சொன்னாலும் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு மையம்கூட உரிமையாளரின் ஆவணம் இல்லாமல் வாங்காது. ஆர்.சி. இல்லாமல் உடைத்துவிட்டால், நாளை அந்த நம்பரைத் தேடி வருபவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைசியாக வண்டியை வைத்திருந்த நீங்கள்தான்.