துலாம்பென் லிபர்ட்டி: கரையிலிருந்தே இறங்கிப் பார்க்கும் கப்பல்

ஸ்கூபா டைவிங்கில், அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கி, மூழ்கிய கப்பலை முதன்முதலாகப் பார்க்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் பாலித் தீவின் துலாம்பெனைத்தான் சொல்வேன். படகே வேண்டாம். கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினால் கப்பல் வந்துவிடும். லிபர்ட்டி, அமெரிக்க ராணுவத்தின் சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில் ரயில் பாகங்களும் ரப்பரும் ஏற்றி வந்தபோது ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது. இழுத்து வந்து இந்தக் கரையில் ஏற்றிவிட்டார்கள். 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோதுதான் கடலுக்குள் சரிந்தது.

முந்தின நாளே போய் ஊரில் தங்குங்கள். விடிந்ததும் இறங்கினால், தெற்கு பாலியிலிருந்து கூட்டம் வருவதற்குள் கப்பல் உங்களுக்கே. நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்களைப் பார்க்கவும் அதுதான் நேரம்.

கஷ்டமான இடம் கடலுக்குள் இல்லை, கரையில்தான். மணலே கிடையாது, உருளும் கருங்கற்கள். அடிப்பாகம் தடித்த பூட்ஸ் கட்டாயம். சிலிண்டரைத் தலையில் சுமந்துவரும் உள்ளூர்ப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலியை மனமாரக் கொடுங்கள். மாஸ்க்கை மாட்டி, ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும் கருவி) வாயில் வைத்த பிறகே தண்ணீரில் கால் வையுங்கள். இரண்டு அலைகளுக்கு நடுவே நடந்து, இடுப்பளவு ஆழத்தில் ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) போடுங்கள். தடுமாறினால் நிற்கப் போராடாமல் அப்படியே நீந்திவிடுவது நல்லது.

கப்பல் சுமார் 5 மீட்டரிலிருந்து 30 மீட்டர் வரை சரிந்து கிடக்கிறது. ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் சான்றிதழ் மட்டும் இருந்தால் 18 மீட்டரோடு நில்லுங்கள். அதற்குள்ளேயே பார்க்க நிறைய இருக்கிறது. இறங்கும்போது வலிக்கும்வரை காத்திருக்காமல், மீட்டருக்கு ஒருமுறை மூக்கைப் பிடித்துக் காதைச் சமப்படுத்துங்கள். முதலில் ஆழமான பக்கம், அப்புறம் மெதுவாக மேலே. 20 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. சிலிண்டர் காற்றும் அதே கணக்கில் வேகமாகத் தீரும். சிலிண்டரின் அழுத்தமானி 100 பார் (அழுத்த அளவு) காட்டியதும் வழிகாட்டிக்குக் கைகாட்டிவிட்டுக் கரைப்பக்கம் திரும்புங்கள். கரைச்சரிவில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டுத்தான் மேலே வர வேண்டும்.

இரும்பெல்லாம் பவளமும் கடல்விசிறியும் மூடிக் கிடக்கிறது. இத்தனையும் 1963க்குப் பிறகு வளர்ந்தவை. ஒரு ஃபின் அடி பட்டால் பல வருட வளர்ச்சி உடைந்துவிடும். அதனால் மிதப்புக் கட்டுப்பாடு (மேலே எழாமலும் கீழே அமிழாமலும் ஒரே ஆழத்தில் நிற்பது) கைவராதவர்கள் முதலில் வேறிடத்தில் பழகிவிட்டு வாருங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். கையையும் எங்கும் ஊன்றாதீர்கள். தேள்மீன் பாறை நிறத்திலேயே படுத்திருக்கும், அதன் முள்ளில் விஷம் உண்டு. இரு பக்கமும் வெளிச்சம் தெரிகிற திறப்புகளில் வழிகாட்டியோடு நுழையலாம். இருட்டறைகளுக்குள் தலையை நீட்டுவதுகூட வேண்டாம். அதற்குத் தனிப் பயிற்சி தேவை.

திரும்பும் வழியையும் யோசியுங்கள். டைவ் முடிந்த கையோடு கிந்தாமணி மலைப்பாதையில் ஏறாதீர்கள். அது சுமார் 1,500 மீட்டர் உயரம், உடம்பில் கரைந்த நைட்ரஜன் அங்கே குமிழியாகலாம். அன்றிரவும் துலாம்பெனிலேயே தங்கிவிடுங்கள். விமானத்துக்குக் குறைந்தது 18 மணி நேர இடைவெளி விடுங்கள். பல டைவ் செய்திருந்தால் ஒரு முழு நாள்.