மேக்கில் பின்யின் தொனிக்குறிகள் தட்டச்சு செய்ய

சீனம் படிப்பவர்கள் தொனிக்குறியை (குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியை) விட்டுவிட்டு பின்யின், அதாவது சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறையில், எழுதிப் பழகாதீர்கள். 'மா' முதல் தொனியில் அம்மா, மூன்றாவதில் குதிரை, நான்காவதில் திட்டுவது. குறி இல்லாவிட்டால் எது என்று எப்படித் தெரியும்?

மேக்கில் இதற்கு எந்தச் செயலியும் வேண்டாம். கீபோர்டு செட்டிங்ஸில் இன்புட் சோர்ஸாக 'ஏபிசி எக்ஸ்டெண்டட்' என்பதைச் சேருங்கள். அப்புறம் ஆப்ஷன் விசையோடு ஆங்கில 'ஏ' (a) அழுத்தினால் முதல் தொனி, 'ஈ' (e) இரண்டாவது, 'வி' மூன்றாவது. நான்காவதுக்கு, 1-க்கு இடப்பக்கம் உள்ள விசை. இரண்டையும் விட்டபின் உயிரெழுத்தைத் தட்டுங்கள், குறி அதன் தலையில் ஏறிவிடும். மூன்றாவது தொனிக்குறியின் வடிவமே 'வி' மாதிரி இருப்பதால் அது சட்டென்று மனதில் நிற்கும்.

பலரும் திணறுவது இரட்டைப்புள்ளி 'யு'வில்தான். 'பெண்' என்பதற்கான சீனச் சொல்லில் அது வரும். ஆப்ஷன், 'வி' அழுத்திவிட்டு மறுபடி 'வி' தட்டுங்கள். புள்ளிகளும் தொனியும் சேர்ந்தே வந்துவிடும்.

சரி, இரண்டு மூன்று உயிரெழுத்து சேர்ந்து வந்தால் குறி எதன் மேல்? 'ஏ' அல்லது 'ஈ' இருந்தால் அதன் மேல். 'ஓ-யு' சேர்ந்து வந்தால் 'ஓ' மேல். மற்றபடி கடைசி உயிரெழுத்தில்.