ஊடுருவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று: கிருமி வகையையும் மருந்து எதிர்ப்பையும் கண்காணிக்கும் முறை

தொண்டைவலி முதல் கடும் ஊடுருவும் தொற்று வரை உண்டாக்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைக் கண்காணிக்கத் தொடங்குமுன், எந்த நோயாளியைக் கணக்கில் சேர்ப்பது என்பதை எழுத்தில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். இரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம், மூட்டுத் திரவம் போன்று இயல்பாகக் கிருமியே இருக்கக் கூடாத இடத்திலிருந்து எடுத்த மாதிரியில் அது ஆய்வக வளர்ப்பில் வளர்ந்தால் ஊடுருவும் தொற்று எனக் கொள்ள வேண்டும். சதையை அழுகச் செய்யும் நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் நோயில் புண்ணிலிருந்து கிடைத்த கிருமியையும் சேர்க்கலாம். சாதாரணத் தொண்டைவலியில் கிடைத்ததைச் சேர்க்கக் கூடாது. ஒருவருக்கு ஒரே நோய்க்காலத்தில் பலமுறை வளர்ந்தாலும் ஒருமுறையே எண்ண வேண்டும். கடுமையாக நோயுற்றோரின் கிருமிகளை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்பினால் வகைகளின் விகிதமே திரிந்துவிடும் என்பதால், தகுதியுள்ள எல்லாவற்றையும் வகை அறியும் ஆய்வகத்துக்கு அனுப்பி, மறுசோதனைக்காக உறைநிலையில் சேமிக்க வேண்டும்.

கிருமியின் மேற்பரப்பிலுள்ள எம் புரதத்தை உருவாக்கும் எம்ம் மரபணுவின் தொடக்கப் பகுதியை வரிசைப்படுத்தியே வகை அறியப்படுகிறது. இதுவரை 200-க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. ஆனால் வகை எண்ணோடு நின்றுவிடுவது போதாது என்பது என் உறுதியான கருத்து. இங்கிலாந்தில் கண்டறியப்பட்டு 2019-இல் விவரிக்கப்பட்ட எம்1யூகே என்ற கிளை, எம்ம்1 வகையைச் சேர்ந்ததே. பழைய கிளையிலிருந்து மரபணுத் தொகுதியில் 27 ஒற்றை எழுத்து மாற்றங்களால் வேறுபடும் அது, ஸ்பீஏ (SpeA) என்ற நச்சைக் கூடுதலாகச் சுரக்கிறது. வகைப்படுத்தல் மட்டும் செய்திருந்தால் இரண்டும் ஒன்றாகவே தோன்றியிருக்கும். ஆகவே, இயன்றவரை முழு மரபணுத் தொகுதியையும் வரிசைப்படுத்த வேண்டும்.

மருந்து எதிர்ப்பைப் பொறுத்தவரை, பென்சிலினுக்கு எதிர்ப்பு எனச் சோதனை காட்டினால், இக்கிருமியில் அது வழக்கமன்று என்பதால், முதலில் கிருமியின் அடையாளத்தையும் சோதனை முறையையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். அதிகக் கவனம் தேவைப்படுவது கிளிண்டாமைசினில்தான்; நச்சு உற்பத்தியை அடக்குவதற்காகக் கடும் தொற்றில் பென்சிலினுடன் சேர்த்துக் கொடுக்கப்படும் மருந்து அது. எரித்ரோமைசினை எதிர்த்து, கிளிண்டாமைசினுக்குக் கட்டுப்படுவதாகத் தோன்றும் கிருமியில், மறைந்திருக்கும் கிளிண்டாமைசின் எதிர்ப்பை வெளிக்கொணரும் டி சோதனை கட்டாயம். செம்மறி இரத்தம் கலந்த முல்லர் ஹிண்டன் அகார் என்ற கிருமி வளர்ப்பு ஊடகத்தில் இரு மருந்து வட்டுகளையும் 12 மில்லிமீட்டர் இடைவெளியில் வைக்க வேண்டும். கிளிண்டாமைசின் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவளையம் எரித்ரோமைசின் பக்கம் தட்டையானால், கிளிண்டாமைசினுக்கும் எதிர்ப்பு உள்ளதென்றே அறிக்கை தர வேண்டும்.

வகையும் எதிர்ப்பும் தனித்தனி அட்டவணைகளில் கிடந்தால் பயன் குறைவு. இரண்டையும் ஒரே நோயாளிப் பதிவில், வயது, நோய் வடிவம், மாதிரி எடுத்த நாள் ஆகியவற்றோடு இணைத்தால்தான், எதிர்ப்பு பல வகைகளில் பரவுகிறதா, ஒரே கிளை பெருகுவதால் உயர்ந்ததா என்று பிரித்தறிய முடியும். நோயாளிகளின் எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்து விகிதமாகக் காட்டுவதோடு, அக்காலத்தில் செய்யப்பட்ட இரத்த வளர்ப்புச் சோதனைகளின் எண்ணிக்கையையும் அருகில் குறிக்க வேண்டும். சோதனைகள் பெருகினாலே கண்டறியப்படும் தொற்றுகளும் கூடும்.