முகாம் முடிந்த மறுநாள் அந்த முதுகுக்கு என்ன ஆகும்?

டொமினிக்கன் குடியரசின் கரும்புக் காடுகளுக்கு நடுவே ‘பத்தேய்’ என்ற குடியிருப்புகள் உண்டு. கரும்பு வெட்ட அண்டை நாடான ஹைட்டியிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வாழும் இடங்கள் இவை. நாளெல்லாம் குனிந்து கத்தி வீசும் வேலையில் முதுகு படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை. முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டர்கள் அமெரிக்காவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து ஒரு வாரம் முகாம் போடுவதுண்டு. நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். தவறு நடப்பது வந்த பிறகு.

முதல் தவறு, தலைகளை எண்ணுவது. வரிசை நீள நீள ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று ஆகிவிடுகிறது. விட்டுப்போவது விசாரணைதான். இரவில் வலி எழுப்புகிறதா, காய்ச்சலா, உடல் மெலிந்ததா, கால் மரத்ததா, சிறுநீர் அடைபடுகிறதா என்று கேட்காமல் யார் முதுகிலும் கை வைக்கக்கூடாது. ஹைட்டியில் காசநோய் அதிகம். அது முதுகெலும்பையும் அரிக்கும். அரித்த எலும்பை நெட்டி முறித்தால் தண்டுவடம் நசுங்கி, நடந்து வந்தவர் நடக்க முடியாமல் போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட கைரோபிராக்டிக் வழிகாட்டுதலிலேயே முதுகெலும்புக் காசநோய்க்கு இந்தச் சிகிச்சை கூடாது என்று இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்க வழியில்லாத இடத்தில் சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிடுவதே வைத்தியம்.

சந்தேகம் வந்தபின் செய்யும் தவறுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. “ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைப்பது. யார் போவார்? 2013 செப்டம்பரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 1929 முதல் ஆவணமற்ற பெற்றோருக்கு அங்கே பிறந்தவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 2025 ஏப்ரலில் இருந்து அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டவரிடம் ஆவணம் கேட்கிறார்கள். இல்லாதவருக்குச் சிகிச்சை முடிந்ததும் நாடு கடத்தல். வலியைவிட இந்தப் பயம் பெரிது. ஆகவே யாரை எங்கே அனுப்புவது, யார் கூடப் போவது, செலவு யாருடையது என்பதெல்லாம் விமானம் ஏறுமுன் உள்ளூர் மருத்துவரோடு பேசி முடித்திருக்க வேண்டும். அப்படி ஒரு மருத்துவர் கிடைக்கவில்லை என்றால் முகாமைத் தள்ளிவைப்பதே மேல். பார்த்ததை ஸ்பானிஷில் எழுதி ஒரு பிரதியை நோயாளியிடமும், அவர் சம்மதித்தால் இன்னொன்றை அந்த மருத்துவரிடமும் கொடுங்கள்.

“பத்து நாள் ஓய்வெடுங்கள்” என்பதும் அங்கே பொருளற்ற அறிவுரை. வெட்டிய கரும்பின் எடைக்குத்தான் கூலி. ஓய்வெடுத்தால் அடுப்பு எரியாது. ஒரே ஒரு தடவை எலும்பைச் சொடுக்கிவிட்டு வருவதைவிட, குனியும் விதத்தையும், வேலை முடிந்து தரையில் படுத்துச் செய்யக்கூடிய இரண்டு பயிற்சிகளையும் செய்துகாட்டுவது பயன் தரும்.

மொழி இன்னொரு சிக்கல். நாட்டின் மொழி ஸ்பானிஷ். பத்தேய்களில் முதியவர்கள் பலருக்கு ஹைட்டியின் கிரியோல்தான் வரும். எட்டு வயதுப் பேத்தியை மொழிபெயர்க்க வைத்து, பாட்டியிடம் சிறுநீர் பற்றி எப்படிக் கேட்பது? கிரியோல் தெரிந்த பெரியவர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள். புடவையோ போர்வையோ கட்டியாவது ஒரு மறைப்பு வேண்டும். முதுகு திறந்து படுத்திருப்பவரைப் படம் எடுத்து இணையத்தில் போடவே கூடாது.

அந்நாட்டு அரசின் அனுமதி இல்லாமல் தொழில் செய்யக்கூடாது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. முகாமுக்குக் கூட வரும் கைரோபிராக்டிக் மாணவர்கள் விஷயம் அப்படியல்ல. இந்தத் தொழிலுக்கு 4200 மணி நேரப் பயிற்சியாவது வேண்டும் என்கிறது அதே 2005 வழிகாட்டுதல். தன் ஊரில் மேற்பார்வை இல்லாமல் கழுத்தைத் தொட அனுமதி இல்லாத மாணவர், ஏழைகளின் கழுத்தில் பழகிக்கொள்வது அநியாயம். கழுத்தைத் திருப்பிய பிறகு இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள், அரிதென்றாலும், பதிவாகியிருக்கின்றன. மண்சாலையின் முடிவில் இருக்கும் ஒரு பத்தேயில் அது நேர்ந்தால், நோயாளியை ஏற்றிச்செல்ல வண்டி எது, ஓட்டுநர் யார் என்பது மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.