வெற்றிலைச் சுண்ணாம்பும் கட்லா மீனும் போதும்: மூச்சு எப்படி நடக்கிறது என்று வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

மூக்கு, மூச்சுக்குழல், நுரையீரல் என்று படம் வரைந்து பாகம் குறித்தவர்கள்தான் நாம் எல்லோரும். ஆனாலும், "உள்ளே போன காத்து ரத்தத்துக்குள்ள எப்படிப் போகுது?" என்று வீட்டுப் பிள்ளை கேட்டால் பலருக்கும் பதில் வருவதில்லை. காரணம், படத்தைப் படித்திருக்கிறோம், செய்து பார்க்கவில்லை. திருநெல்வேலிப் பக்கம் எந்த வீட்டிலும் எந்தத் தெருக் கடையிலும் கிடைக்கிற சாமான்களை வைத்தே இதைச் செய்யலாம். அறிவியல் பின்னணி எதுவும் தேவையில்லை. ஒரு சனி, ஞாயிறு போதும்.

தொடங்கும் முன் ஒரு விதி

வாயு தானாக நகரும். அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குப் போகும். இதற்குப் பரவல் என்று பெயர். ஆக்சிஜனைக் கையால் பிடித்து இழுக்கிற மாதிரி உறுப்பு எந்த விலங்குக்கும் கிடையாது. மெல்லிய, ஈரமான, பரப்பு மிகுந்த ஒரு சவ்வை வைத்துக்கொண்டு, அதன் ஒரு பக்கம் புதிய காற்றையோ நீரையோ, மறு பக்கம் ரத்தத்தையோ உடல் திரவத்தையோ ஓடவிட்டால் போதும். மாற்றம் தானே நடக்கும். மனிதனில் தொடங்கி மண்புழு வரைக்கும் இதுதான். வேறுபடுவது அந்தச் சவ்வு எங்கே இருக்கிறது என்பதும், காற்றை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்பதும்தான்.

வாங்கி வைக்க வேண்டியவை: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், பலூன் இரண்டு, ரப்பர் பேண்ட், வெற்றிலைச் சுண்ணாம்பு, கண்ணாடி டம்ளர் இரண்டு, ஸ்ட்ரா, சைக்கிள் பம்பு, தலையோடு கூடிய கட்லா மீன் ஒன்று. அவ்வளவுதான்.

படி 1: நெஞ்சு விரிவதால் காற்று வருகிறதா, காற்று வருவதால் நெஞ்சு விரிகிறதா?

தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். சாதாரணமாக மூச்சு விடுங்கள். உள்ளிழுக்கும்போது நோட்டு மேலே எழும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. அது சுருங்கிக் கீழே இறங்கும்போது குடலும் இரைப்பையும் முன்னே தள்ளப்படுகின்றன. அதனால்தான் வயிறு எழுகிறது.

இப்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மெதுவாக நெஞ்சை விரித்துப் பாருங்கள். காற்று கொஞ்சமும் உள்ளே போகவில்லை, ஆனாலும் நெஞ்சு சற்று விரிகிறது. தொண்டைக்குள் ஓர் இழுவை தெரிகிறது. அந்த இழுவைதான் விடை. நெஞ்சு விரிந்ததும் உள்ளே அழுத்தம் குறைகிறது, குறைந்ததும் வெளிக்காற்று தானே புகுகிறது. நாம் காற்றை உறிஞ்சுவதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இடம் கொடுக்கிறோம், காற்று வந்து நிரப்புகிறது.

இதைக் கண்ணால் பார்க்க பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எடுங்கள். ஒரு பலூனைக் கழுத்து வழியாக உள்ளே தொங்கவிட்டு, அதன் வாயை பாட்டில் விளிம்பில் மடக்கி மாட்டுங்கள். இன்னொரு பலூனைப் பாதியாக வெட்டி, அடிப்பக்கத்தில் இழுத்துப் போர்த்தி ரப்பர் பேண்ட் போடுங்கள். அடி ரப்பரைக் கீழே இழுத்தால் உள்பலூன் ஊதும், விட்டால் சுருங்கும். ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும்: பாட்டிலுக்குள் பலூனைச் சுற்றிக் காலி இடம் நிறையத் தெரிகிறது. உடம்பில் அப்படி இல்லை. நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு மெல்லிய திரவப் படலத்தால் ஒட்டியே இருக்கும்.

படி 2: எண்ணிப் பாருங்கள்

உட்கார்ந்திருப்பவரை, அவருக்குத் தெரியாமல் ஒரு நிமிடம் கவனித்து மூச்சை எண்ணுங்கள். தெரிந்தால் மூச்சு மாறிவிடும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை வரும், சின்னக் குழந்தைகளுக்கு அதைவிடக் கூடும். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 500 மில்லி காற்று வந்து போகிறது. அதில் 150 மில்லி அளவு மூக்கிலும் மூச்சுக்குழலிலுமே நின்றுவிடுகிறது, மாற்றம் நடக்கும் இடத்துக்குப் போவதே இல்லை. மேலோட்டமாக வேகவேகமாக மூச்சு வாங்குவது ஏன் பயன் தராது என்பது இதிலிருந்தே புரியும். இழுப்பதில் பெரும்பகுதி வழியிலேயே திரும்பிவிடும்.

மாற்றம் நடக்கும் இடம் காற்று நுண்ணறைகள். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து முப்பது கோடிக்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் வரும், அதாவது 750 சதுர அடி வீட்டின் தரை அளவு. காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையிலுள்ள சுவரோ ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் பரவலுக்கு ஆகும் நேரம் நான்கு மடங்காகும். அதனால்தான் இந்த மெலிவு.

படி 3: சுண்ணாம்புத் தண்ணீர்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

முதல் நாள் இரவே ஒரு பாட்டில் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வெற்றிலைச் சுண்ணாம்பைப் போட்டுக் குலுக்கி, மூடி வைத்துவிடுங்கள். வெற்றிலை போடும் ஆச்சி வீட்டில் இருந்தால் கடைக்கே போக வேண்டாம். "ஏல, கண்ணுல பட்டுறாம பாத்துக்கோ" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். அதை அப்படியே கேட்டு நடக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பட்டுவிட்டால் நல்ல தண்ணீரால் நீண்ட நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பிள்ளைகள் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், மூக்குக் கண்ணாடி ஏதாவது போட்டுக்கொள்ளட்டும்.

காலையில் அடியில் வெள்ளை படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருக்கும். கலங்காமல் அந்தத் தெளிவை மட்டும் இரண்டு டம்ளரில் சம அளவு ஊற்றுங்கள்.

முதல் டம்ளரில் ஸ்ட்ரா வழியாக மெதுவாக ஊதுங்கள். ஊத மட்டும்தான் வேண்டும், உறிஞ்சவே கூடாது. பிள்ளைகள் மூச்சை இழுப்பதற்கு முன் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்துவிடப் பழக்குங்கள். கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் பால் நிறமாகும்.

இரண்டாம் டம்ளரில் சைக்கிள் பம்பின் குழாயை விட்டு, வெளிக்காற்றை மெதுவாகச் செலுத்துங்கள். இந்தப் பாதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு மிகுந்த வருத்தம். இது இல்லாவிட்டால், எந்தக் காற்று பட்டாலும் தண்ணீர் வெளுக்குமோ என்று பிள்ளை சந்தேகப்படுவது நியாயம்தான். எத்தனையோ முறை அடித்தபின்னும் இந்தத் தண்ணீர் லேசாகத்தான் மாறியிருக்கும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான். நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம், அதாவது நூறு மடங்கு. ஆக்சிஜன் 21 சதவீதமாக உள்ளே போய், சுமார் 16 சதவீதமாக வெளியே வருகிறது. 78 சதவீத நைட்ரஜன் ஏறக்குறைய அப்படியே திரும்புகிறது. நாம் ஆக்சிஜனை இழுத்துக் கார்பன் டை ஆக்சைடை விடுகிறோம் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோமே, அது முழு உண்மை இல்லை. விடுகிற மூச்சிலும் ஆக்சிஜன் நிறையவே இருக்கிறது. வாயோடு வாய் வைத்து ஊதி உயிர் மீட்பது அதனால்தான் முடிகிறது.

வெள்ளையாகிப் படிவது கால்சியம் கார்பனேட். தாழையூத்துப் பக்கம் சிமென்ட்டுக்காகத் தோண்டி எடுக்கும் சுண்ணாம்புக் கல்லும் பெரும்பகுதி இதே பொருள்தான். இத்தோடு நிறுத்திவிடாமல் தொடர்ந்து ஊதிக்கொண்டே இருங்கள். நேரம் பிடிக்கும், ஆள் மாற்றி ஊதலாம். வெள்ளை மெல்லக் கரையத் தொடங்கும். கூடுதலாகச் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு, கரையாத கார்பனேட்டைக் கரைகிற பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. நம் ரத்தமும் தன் கார்பன் டை ஆக்சைடில் சுமார் 70 சதவீதத்தைப் பைகார்பனேட்டாகக் கரைத்துத்தான் நுரையீரலுக்குக் கொண்டுபோகிறது. ஆக்சிஜன் மட்டும் தண்ணீரில் லேசில் கரையாது. அதைச் சுமக்க ஹீமோகுளோபின் வேண்டும், ஒன்று நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிடிக்கும்.

அப்புறம், மாடிப்படியில் நாலைந்து தடவை ஏறி இறங்கிவிட்டுப் புதுத் தண்ணீரில் ஊதுங்கள். பால் நிறம் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று முன்னதோடு ஒப்பிடுங்கள்.

தண்ணீர் வெளுக்கவே இல்லையா? சுண்ணாம்பு பழசாக இருக்கும். திறந்தே கிடந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்கெனவே வாங்கியிருக்கும். புதிதாக வாங்குங்கள்.

படி 4: மூச்சடக்கம், ஆற்றில் குளிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து, எப்போது முதன்முதலில் முட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். முட்டியதும் விட்டுவிடுங்கள். அந்த முட்டலுக்குக் காரணம் ஆக்சிஜன் தீர்ந்துபோனது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அந்த நேரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது. கூடிவிட்ட கார்பன் டை ஆக்சைடுதான் மூளையின் அடியிலுள்ள முகுளத்தை உசுப்பி, மூச்சு விடு என்று சொல்ல வைக்கிறது.

தாமிரபரணியிலும் கிணற்றிலும் முங்குநீச்சல் போட்டி வைக்கிற பிள்ளைகள், முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பல தடவை மூச்சை இழுத்து விடுவார்கள். கூடுதல் ஆக்சிஜன் சேரும் என்று நம்பிக்கை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே கிட்டத்தட்ட முழுதாகவே இருப்பதால் அதிகமாக ஒன்றும் சேராது. கார்பன் டை ஆக்சைடுதான் வெளியேறிப்போகும். எச்சரிக்கை மணியைக் கழற்றிவைத்துவிட்டு முங்குகிறார்கள் என்று அர்த்தம். முட்டல் வருவதற்கு முன்பே ஆக்சிஜன் குறைந்து, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படித்தான் போய்விடுகிறார்கள். தயவுசெய்து இதை வீட்டுப் பிள்ளைகளிடம் இன்றே சொல்லுங்கள்.

படி 5: மீனின் செவுள்

மீன்காரரிடம் கட்லாவின் தலையைச் சிதைக்காமல் தரச் சொல்லுங்கள். மீன் புதுசா என்று பார்க்க செவுள் மூடியைத் தூக்கிப் பார்ப்போம் அல்லவா, அதே மூடிதான். தூக்கினால் ஒரு பக்கத்துக்கு நான்கு வளைவுகள் அடுக்காக இருக்கும். கத்தரிக்கோலால் ஒன்றை வெட்டி எடுத்து, வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அதில் போடுங்கள். சிவப்பு இழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து விரிந்து நிற்கும். விரலால் தண்ணீரை அசைத்தால் இழைகளின் நடுவே நீர் புகுந்து போவது தெரியும். இப்போது தூக்குங்கள். எல்லா இழையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சிவப்புப் பட்டையாகிவிடும். மறுபடி போட்டால் மறுபடி விரியும்.

காற்றில் ஆக்சிஜன் தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகம் இருந்தும் கரையில் மீன் சாவது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. சவ்வு அங்கேயே இருக்கிறது, பரப்புதான் போய்விட்டது.

செவுளில் இன்னொரு நுட்பம் உண்டு. நீர் ஒரு திசையில் போனால் ரத்தம் எதிர்த் திசையில் ஓடும். அதனால் வழிநெடுக ரத்தத்தைவிடப் பக்கத்து நீரில் ஆக்சிஜன் சற்று கூடுதலாகவே இருக்கும், பரவல் நிற்காது. நீரிலுள்ள ஆக்சிஜனில் 80 சதவீதம் வரை சில மீன்கள் எடுத்துவிடும். நாம் எடுப்பது கால் பங்குதான்.

விராலுக்குக் கதை வேறு. சந்தையில் கொஞ்சம் தண்ணீரில் உயிரோடு நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். தலையில் செவுளுக்கு மேலே காற்றை வாங்கும் அறை அதற்கு உண்டு. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். மேலே வரவிடாமல் தடுத்தால் விரால் தண்ணீரிலேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். கோடையில் வற்றிச் சூடேறிய குளத்தில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். அங்கேயும் விரால் பிழைத்துக்கிடப்பது இப்படித்தான்.

படி 6: சின்ன உயிர்கள்

வெட்டுக்கிளியின் வயிற்றுப் பக்கவாட்டை போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். வரிசையாகச் சின்னத் துளைகள் தெரியும், வயிறு விட்டு விட்டு அசையும். அதுதான் அதன் மூச்சு. துளைகளிலிருந்து நுண்குழாய்கள் கிளைத்து ஒவ்வொரு தசைக்கும் நேரே காற்றைக் கொண்டுபோகின்றன. ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை அதன் ரத்தத்துக்கு இல்லை.

கொட்டாங்கச்சியில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருந்தால் ஒரு டம்ளரில் எடுங்கள். வால்முனைக் குழாயை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். மட்டத்தோடு படுத்தாற்போல் கிடந்தால் அது மலேரியாக் கொசுவின் இனம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் படலம் பரவி, மூச்சு வாங்க வழியின்றிப் புழுக்கள் செத்துவிடும். பார்த்து முடித்ததும் தண்ணீரை வெயிலில் மண்ணில் கொட்டிவிடுங்கள்.

தவளைக்கு உதரவிதானம் இல்லை. தொண்டையை ஏற்றி இறக்கிக் காற்றை உள்ளே தள்ளுகிறது, ஈரத் தோல் வழியாகவும் மாற்றம் நடக்கிறது. மண்புழுவுக்குத் தோல் மட்டும்தான். காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். இரண்டையும் வெறும் கையால் நெடுநேரம் பிடித்து வைக்க வேண்டாம்.

படி 7: கூந்தன்குளத்துக்கு ஒரு நடை

பனிக்காலத்தில் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வாத்துகளைத் தேடுங்கள். பட்டைத்தலை வாத்து, இமயமலையைத் தாண்டி வரும் பறவை. 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. பொதிகை உச்சியான 1,868 மீட்டரிலேயே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 7,000 மீட்டரில் பாதிக்கும் கீழ். அங்கும் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், ஆனால் காற்றே மெலிந்துவிட்டதால் சவ்வின் இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடுகிறது.

நமக்குக் காற்று போன வழியிலேயே திரும்பும், பழையதும் புதியதும் கலந்துவிடும். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப் பைகள் இருப்பதால் நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. ஒரு முறை இழுத்த காற்று முழுதாக வெளியேற இரண்டு மூச்சு ஆகும். உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் புதுக்காற்றே நுரையீரலைக் கடக்கும். இந்த வாத்துக்கு அதற்கு மேலும் ஒன்று உண்டு: அதன் ஹீமோகுளோபின், கிடைக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் மற்ற வாத்துகளைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

காலையிலேயே போய்விடுங்கள், பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் தலைமுறையாகப் பாதுகாத்துவரும் இடம், அங்கே சத்தம் போடக் கூடாது.