அட்டன் குளிரிலும் கொதித்த மடிக்கணினி

ஜனவரியில் இலங்கை மலையகத்து அட்டனில் கம்பளி இல்லாமல் படுக்க முடியாது. அந்தக் குளிரிலும் என் பழைய மடிக்கணினி சூடு தாங்காமல் இரவில் தானாக அணைந்துவிடும்.

சும்மா கிடக்கும் நேரத்தில் ஆய்வுக்கு உதவட்டுமே என்று வீட்டுக் கணினிகளில் ஆய்வுக் கணக்குகளை ஓட்டும் பொயின்க் (BOINC) மென்பொருளை நிறுவி, ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தில் சேர்ந்திருந்தேன். 2005இல் தொடங்கிய அத்திட்டம், தொலைநோக்கிகளும் ஈர்ப்பலைக் கருவிகளும் திரட்டிய தரவுகளில் சுழலும் நியூட்ரான் விண்மீன்களை, அதாவது வெடித்த விண்மீன்களின் அடர்ந்த எச்சங்களை, தேடுகிறது. மென்பொருள்மீதுதான் முதலில் சந்தேகப்பட்டேன். இரண்டு முறை அழித்து நிறுவியது வீண் வேலை.

ஒருநாள் நள்ளிரவில் எழுந்து பார்த்தால், மடிக்கணினிக்கு மேல் துவாய்! "மூடுபனி ஈரம் ஏறிவிடும் தம்பி, அதுதான் போர்த்தினேன்" என்றார் அம்மா.

மறுநாள் பின்மூடியைக் கழற்றினேன். விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவே கம்பளிப் பஞ்சு மெத்தைபோல் படிந்திருந்தது. பழைய பல்துலக்கியால் மெல்லச் சுரண்டி எடுத்தேன். பிறகு பொயின்க் அமைப்பில், பயன்படுத்தும் செயலிக் கோர்களை (கணக்குப் போடும் பகுதிகளை) 100 சதவீதத்திலிருந்து 50 ஆக்கினேன். கணினியின் அடியில் இரண்டு மரக்கட்டைகள். கணக்கு இடையிடையே சேமிக்கப்படுவதால், மின்சாரம் போனாலும் முழுவதும் வீணாவதில்லை.

இப்போது விடியும்வரை ஓடுகிறது. அம்மா துவாயை அச்சு இயந்திரத்துக்கு மாற்றிவிட்டார்.